பழைய டிஸ்க்கா, புதுப் பெட்டியா? வீடியோ கேம் கேள்வி–பதில்

கேள்வி: கேம் வெளியான அன்றே புதிதாக வாங்கிவிடுவது என் பழக்கம். சில மாதம் பொறுத்தால் அதே டிஸ்க் பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்கிறார் நண்பர். பொறுக்கலாமா?

பதில்: ஒருவரே ஆடும் கதை கேம் என்றால் தாராளமாகப் பொறுக்கலாம். இன்றைய கன்சோல்கள் டிஸ்க்கில் இருப்பதைத் தம் சேமிப்பகத்துக்கு நகலெடுத்துக்கொண்டுதான் கேமை ஓட்டுகின்றன. அதன்பின் அந்த டிஸ்க் ஒரு சாவி, அவ்வளவுதான். கைமாறி வந்த டிஸ்க் என்பதற்காகப் படம் மங்காது, வேகம் குறையாது. அப்டேட்களும் புதிதாக வாங்கியவருக்கு வருவதுபோலவே உங்களுக்கும் வரும். வெளியான வாரத்தில் வாங்கியவர் பிழைகளோடு மல்லுக்கட்டிய கேமை, பிழைகள் திருத்தப்பட்ட பிறகு நீங்கள் ஆடுவீர்கள்.

இணையத்தில் மட்டுமே ஓடும் கேம்களின் கணக்கு வேறு. 2014-ல் வந்த ‘தி க்ரூ’ கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டன. இப்போது கீறலே இல்லாத டிஸ்க் கிடைத்தாலும் பயனில்லை. இத்தகைய கேம்களை ஆட்கள் நிறைந்திருக்கும்போதே ஆடிவிட வேண்டும். அதற்காகப் புதிது வாங்குவதில் தவறில்லை.

டிஜிட்டல் கடையின் தள்ளுபடி விலையையும் ஒருமுறை பாருங்கள். சில நேரம் அது பழைய டிஸ்க்கைவிட மலிவு. ஆனால் அதைத் திருப்பி விற்க முடியாது. டிஸ்க்கை ஆடி முடித்து விற்றால் போட்டதில் ஒரு பகுதியாவது கைக்கு வரும்.

கேள்வி: பழைய டிஸ்க்குகளில் கீறல் இல்லாததே கிடைப்பதில்லை. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: எந்த வகை டிஸ்க் என்பதைப் பொறுத்தது. சிடியின் தடிமன் 1.2 மி.மீ.; தரவு இருப்பது லேபிளுக்குச் சற்றுக் கீழே. அதனால் பளபளப்பான பக்கத்துக் கீறலைத் தேய்த்து எடுக்கலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் கதை முடிந்தது. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளுக்குப் பாலிஷ் பலன் தருவது இதனால்தான். ப்ளூ-ரேயில் தரவு வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் கிடக்கிறது, அதைக் காப்பது மேலே உள்ள கடினப் பூச்சு. பாலிஷ் இயந்திரம் முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். ஆகவே பிளேஸ்டேஷன் 3 முதல் 5 வரை, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றுக்குப் பாலிஷ் போட்ட டிஸ்க்கை வாங்கவே வேண்டாம்.

கீறல் போகும் திசையையும் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகப் போகும் மெல்லிய கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டைத்தான் மறைக்கும்; பிழைதிருத்தும் முறை அதைச் சமாளித்துவிடும். வட்டமாகச் சுற்றும் தரவுத் தடத்தோடு வளைந்து போகும் கீறல் நீளமான தரவை ஒரேயடியாக அழிக்கும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் டிஸ்க் சுழலும்போது கன்சோலை அசைத்தால் விழும் வட்டப் பள்ளம் இந்த வகை, தொடாதீர்கள். துடைக்கும்போதும் மென்துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத்தான் துடைக்க வேண்டும். பற்பசை வைத்தியம் வேண்டாம்.

பிறகு டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் பிரதிபலிக்கும் அடுக்கே அங்கே போய்விட்டது, அதற்கு மருந்தில்லை. நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருந்தாலும் ஒதுக்குங்கள். சுழலச் சுழல அது பெரிதாகும்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஸ்டாலை முழுதாக முடிய விடுங்கள். பாதியிலேயே ஆட விடுகிறதே என்று ஏமாறக் கூடாது. கெட்ட இடம் மீதிப் பாதியில் இருக்கலாம். திருப்பித் தரும் கெடுவுக்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: கணினி கேம்களின் பழைய டிவிடி வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் கீயை (கேமைத் திறக்கும் குறியீட்டை) முதல் உரிமையாளர் தன் கணக்கில் சேர்த்திருப்பார். மறுமுறை அது செல்லாது. ஆன்லைன் கணக்கே கேட்காத மிகப் பழைய கேம்கள் விதிவிலக்கு.

கேள்வி: ‘முழுத் தொகுப்பு’ என்று போட்ட பழைய பெட்டியை நம்பலாமா?

பதில்: கூடுதல் பாகங்கள் டிஸ்க்கிலேயே இருக்கின்றனவா, தாளில் அச்சிட்ட குறியீடாகத் தந்தார்களா என்று பாருங்கள். குறியீடு என்றால் பெரும்பாலும் அது செலவாகியிருக்கும். பிளேஸ்டேஷன் 4-ல் டிஸ்க் எந்தப் பிராந்தியத்தையதாக இருந்தாலும் ஓடும். ஆனால் பின்னால் வாங்கும் கூடுதல் பாகம் டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். நிண்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கன்சோல்களுக்கான டிஜிட்டல் கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டதால், அவற்றுக்கு டிஸ்க்கிலேயே அல்லது கார்டிலேயே எல்லாம் அடங்கிய பதிப்பைத் தேடுவது நல்லது.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ன் ‘கேம்-கீ கார்டு’ இடைப்பட்ட ரகம். உள்ளே கேம் இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும்; ஆனால் கார்டு கைமாறினால் உரிமையும் கைமாறும். குறியீடு மட்டும் உள்ள பெட்டியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

கேள்வி: கேம்பாய் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். ஆட்டம் ஓடுகிறது, சேவ் நிற்பதில்லை. போலியா?

பதில்: பேட்டரி தீர்ந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பல கார்ட்ரிட்ஜ்களில் சேவ் தரவைத் தாங்குவது உள்ளே பற்றவைத்த ஒரு காசு பேட்டரி. கேமுக்கு ஏற்ப சிஆர்1616 அல்லது சிஆர்2025 இருக்கும்; திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு, தகட்டுக்கால் பொருத்திய அதே எண்ணை வாங்குங்கள். பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூட்ரைவரும், கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு மூன்று சிறகு முனை கொண்ட ‘ட்ரை-விங்’ ஸ்க்ரூட்ரைவரும் வேண்டும். டேப் ஒட்டிச் சமாளித்தால் தொடர்பு விட்டுப்போய் மறுபடி சேவ் அழியும், சால்டரிங்தான் சரி.

அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் என்றால் போலியா என்பதையும் பார்க்க வேண்டும். அசலின் லேபிளில் இரண்டு இலக்க எண் அழுத்தப் பதிந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் தெரியும். ‘போக்கிமான் ரூபி’ அசலில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. பேட்டரி தீர்ந்தாலும் சேவ் நிற்கும். அதில் சேவ் அழிகிறது என்றால் போலி என்றே சந்தேகியுங்கள்.