கார்னர்பேக் சொதப்புகிறாரா? ஈகிள்ஸ் ரசிகனாக நான் தப்பாகச் சொன்ன தீர்ப்பு

கேள்வி: "எங்கள் அணி பெரிய ஒப்பந்தம் போட்டு எடுத்த கார்னர்பேக் சீசன் முழுக்க அடி வாங்குகிறார். இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. ஆளை அனுப்பிவிட வேண்டியதுதானே? டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் மோசம் என்று எப்படி முடிவு செய்வது?"

புதியவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர், அந்த ரிசீவரை மறிக்கும் டிஃபென்ஸ் (தடுக்கும் பக்கம்) ஆள் கார்னர்பேக், வீசிய பந்தை அவரே பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன். கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இதே விஷயத்தில் நான் ஒருமுறை தப்பான தீர்ப்பு சொல்லியிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். "மதுரைக்காரனுக்கு அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். களத்தில் இறங்கி ஆடியவன் என்று நான் சொல்லவில்லை. பிலடெல்பியா புறநகரில் பல வருடமாகக் குடியிருந்து, அந்த ஊர் அணியான ஈகிள்ஸின் ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்த்து வருபவன், அவ்வளவுதான்.

நீங்கள் டிவியில்தான் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் சிக்கலே அங்கேதான். டிவி கேமரா பந்தோடு போகும். ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) ஆன மறு நொடியே கார்னர்பேக் திரையை விட்டு வெளியே ஓடிவிடுவார். பந்து அவர் பக்கம் வந்தால்தான் மறுபடி கண்ணில் படுவார். ரிசீவரை அவர் எங்கே மறித்தார், எத்தனை யார்டு ஒட்டிக்கொண்டே ஓடினார், எதுவும் நமக்குத் தெரியாது. பந்து பிடிபடும் அந்தக் கடைசி அரை நொடி மட்டும் தெரியும். அதையே மூன்று தடவை ரிப்ளே போடுவார்கள். சீசன் முழுக்க இப்படிப் பார்த்தால் எந்த கார்னர்பேக்கும் மோசமாகத்தான் தெரிவார்.

இனி என் கதை. 2011 ஜூலை கடைசியில், லாக்அவுட் (ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தியது) முடிந்த சூட்டோடு, ஈகிள்ஸ் கார்னர்பேக் நாம்டி ஆசம்வாவை எடுத்தது. ஐந்து வருடம், 6 கோடி டாலர், அதில் 2.5 கோடி உத்தரவாதம். ஊரே கொண்டாடியது. அதே சமயத்தில் அணிக்கு வந்த குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் "ட்ரீம் டீம்" என்று ஒரு வார்த்தையை விட்டார். அது அந்த அணியின் கழுத்தில் கடைசிவரை தொங்கியது.

ஆசம்வா ஓக்லாந்து ரெய்டர்ஸில் எட்டு வருடம் ஆடியவர். 2006-இல் 8 இன்டர்செப்ஷன் எடுத்தார். அதற்குப் பிறகு எதிரணி குவார்ட்டர்பேக்குகள் அவர் பக்கம் வீசுவதையே குறைத்துக்கொண்டார்கள். 2007, 2008, 2009 மூன்று வருடமும் வருடத்துக்கு ஒன்றுதான். 2010-இல் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தோடுதான் 2010 ஆல்-ப்ரோ (லீக்கின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம் பிடித்தார். இன்டர்செப்ஷன் இல்லை என்று நீங்கள் குறை சொல்கிறீர்கள் அல்லவா, அதை இந்தக் கணக்கோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். பந்தே வராத பக்கத்தில் எதைப் பிடிப்பது? டாக்கிள் (பந்து வைத்திருப்பவரைக் கீழே சாய்ப்பது) கணக்கும் அப்படித்தான். ஒரு கார்னர்பேக்குக்கு டாக்கிள் எண்ணிக்கை ஏறுகிறது என்றால், அவருக்கு முன்னால் பந்து நிறையப் பிடிபடுகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

ஈகிள்ஸுக்கு வந்த பிறகு நான் பார்த்தது வேறு ஆள். அணி முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்றது, பிறகு 4 வெற்றி 8 தோல்வி, கடைசியில் ஒருவழியாக 8-8. ஆசம்வா 3 இன்டர்செப்ஷன் எடுத்தார், அதாவது ரெய்டர்ஸில் கடைசி மூன்று வருடத்தில் எடுத்ததைவிட அதிகம். ஆனாலும் அடிக்கடி ஏமாந்தார். ஈகிள்ஸின் மைதானமான லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டில் என் மகள் பக்கத்தில் இருக்கும்போதே எழுந்து நின்று, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூட்டத்தோடு சேர்ந்து கத்தினேன். "அவர் என்னப்பா பண்ணார்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது தாண்டியவர், உயர்நிலைப் பள்ளி அணியில் பல வருடம் டிஃபென்ஸ் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலியோரம் நின்று நான் ஆசம்வாவைத் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார், மறுத்துப் பேச மாட்டார். 2012-இல்தான் இந்த லீக்கான என்எஃப்எல் ஆல்-22 படத்தை முதல் முறையாகப் பொதுமக்களுக்குக் காசுக்குக் கொடுத்தது. 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரியும் உயரக் கேமராப் படம் அது. அதை நான் வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றார்.

நாங்கள் போட்டது 2012 அக்டோபர் 14 ஆட்டம், டெட்ராய்ட் லயன்ஸோடு. அந்த வாரம் ஊரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறை மேஜையில் மஞ்சள் காகிதப் பட்டையை வைத்து, பென்சிலால் நான்கு கட்டம் கிழித்தார். ஆள் எங்கே நிற்கிறார், அவருக்குக் கொடுத்த வேலை என்ன, கண் ரிசீவர் மேலா குவார்ட்டர்பேக் மேலா, ரிசீவரோடு ஓட இடுப்பு எப்போது திரும்பியது. பந்து பிடிபட்டதா இல்லையா என்பதற்குக் கட்டமே இல்லை. ஸ்னாப் ஆன ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக்கின் கை பின்னால் போகும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இப்போது சொல், சரியாகச் செய்தாரா என்று கேட்பார். பந்து எங்கே போனது என்று தெரியாமல் பதில் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் என்னால் வாயே திறக்க முடியவில்லை. பந்தைப் பார்த்துத்தான் நான் இத்தனை வருடம் ஆளை எடை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஆட்டத்தில் லயன்ஸின் ரிசீவர் கால்வின் ஜான்சனுக்குக் காவல் ஆசம்வா. பெரும்பகுதி நேரம் அவர் கீழே ஒட்டிக்கொள்ள, மேலே, அதாவது அவருக்குப் பின்னால் ஆழத்தில், சேஃப்டி என்ற தடுப்பாளர் ஒருவர் துணைக்கு நின்றார். ஜான்சன் பெயரே அதிகம் கேட்கவில்லை. நான்காம் குவார்ட்டரில் ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போது ஈகிள்ஸ் 23-13 முன்னிலை. அதற்குப் பிறகு ஜான்சன் கட்டவிழ்ந்தார். ஆட்டம் முடிவதற்குள் 6 பிடி, 135 யார்டு. ஓவர்டைமில் 26-23 என்று தோற்றோம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த திட்டத்தைக் கடைசியில் மாற்றிவிட்டோம் என்று ஆசம்வாவே ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம் சொன்னார். அன்றிரவு அதைக் கேட்டு, பழியைத் தள்ளிவிடுகிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தைப் பார்த்த பிறகு அந்த ஆத்திரம் போய்விட்டது. மேலே நிற்கும் ஆள் இடம் மாறினால் கீழே நிற்பவரின் வேலையே மாறிவிடுகிறது. இரண்டு நாளில் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் ஹுவான் காஸ்டில்லோவைத் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் வீட்டுக்கு அனுப்பினார்.

காஸ்டில்லோ கெட்டவர் இல்லை, கடுமையான உழைப்பாளி. ஆனால் 2011 வரை அவர் பார்த்தது அஃபென்சிவ் லைன், அதாவது தாக்கும் பக்கத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசை. டிஃபென்ஸ் முழுவதையும் திடீரென்று அவர் கையில் கொடுத்தார்கள். ரெய்டர்ஸில் ஆசம்வா பெரும்பாலும் வலது பக்கம் நின்று, ரிசீவரின் நெஞ்சில் கை வைத்து மறித்து, கோட்டோரமாக ஒதுக்கித் தள்ளுவார். அது ரெய்டர்ஸ் உரிமையாளர் அல் டேவிஸ் விரும்பிய ஆட்டம், 6 அடி 2 அங்குல உடம்புக்கும் நீளக் கைக்கும் ஏற்ற ஆட்டம். இங்கே அவரைப் பல யார்டு தள்ளி நிறுத்தி, ஸோன் கவரேஜில் (ஆளை அல்ல, ஒரு பகுதியைக் காப்பது) குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படிக்கச் சொன்னார்கள். சில சமயம் உள்பக்கம் நிறுத்தினார்கள், சில சமயம் டைட் எண்ட் (பந்து பிடிக்கும் பெரிய உடம்புக்காரர்) ஒருவருக்குக் காவல் போட்டார்கள். தள்ளி நின்று பந்தைத் திருடுவது அதே அணியில் இருந்த ஆசான்டே சாமுவேலின் கலை. ஒருவர் கலையை இன்னொருவரிடம் கேட்டால் என்ன கிடைக்கும்?

உடனே "எல்லாப் பழியும் பயிற்சியாளருக்கா" என்று கேட்பீர்கள். இல்லை. பெரியவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நீளமாக ஓடும் ரிசீவரோடு ஆசம்வா தனியாக நின்ற இடங்களில், இடுப்பு கட்டத்தில் "தாமதம்" என்று பெரியவரே திரும்பத் திரும்ப எழுதினார். ஒப்பந்தம் போட்டபோதே ஆசம்வாவுக்கு வயது 30. காஸ்டில்லோ போய் டாட் போல்ஸ் வந்த பிறகும் டிஃபென்ஸ் தேறவில்லை. 3-1 என்று தொடங்கிய அணி தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்று, 4-12 என்று முடித்தது. 2013 மார்ச்சில் ஆசம்வாவை விடுவித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் எடுத்தது, அங்கே மூன்றே ஆட்டம். அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார். கால் வேகம் போயிருந்தது உண்மை.

இதற்கு நேர் எதிர் கதை இன்னொரு கார்னர்பேக், டாரெல் ரெவிஸ். 2013-இல் டாம்பா பேயில் வருடத்துக்கு 1.6 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, முழங்கால் அறுவைக்குப் பிறகு, நிறைய ஸோன் ஆடினார். அந்தப் பணத்துக்கு இவர் தேவையில்லை என்று 2014-இல் விட்டுவிட்டார்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் எடுத்து ஒரு ரிசீவரைக் கொடுத்து, இவனை நீ பார்த்துக்கொள் என்றது. அந்த சீசனே சூப்பர் பௌல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வென்றார். ஆள் அதேதான், கொடுத்த வேலைதான் வேறு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், சொந்த விஷயம் ஒன்று இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒரு ஐடி நிறுவனத்தில் ஆறு வருடம் ராத்திரி சப்போர்ட் பார்த்தேன். காலையில் வாடிக்கையாளர் உள்ளே வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எதுவும் நிற்காததால் யாருக்கும் என் பெயர் தெரியாது. பிறகு என்னைக் கேட்காமலே வாடிக்கையாளர் முன்னால் டெமோ கொடுக்கும் குழுவில் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து மேலாளர் எக்ஸெல் தாளைத் திருப்பிக் காட்டினார். என் வரி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது, "முன்னேற்றம் தேவை". யாராவது ஒருவர் அந்தக் கட்டத்தில் வர வேண்டியிருக்கிறது என்றார். அந்த ஆறு வருடத்துக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் ஆளுக்கு வருகிறேன். அவருடைய பழைய அணி ஆட்டம் ஒன்றும் இந்த சீசன் ஆட்டம் ஒன்றும் எடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஆல்-22-இல் அவரை மட்டும் பாருங்கள், குவார்ட்டர்பேக் கை ஓங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நிற்கும் இடமும் வேலையும் மாறியிருந்தால் முதல் கேள்வியைப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். இடமும் வேலையும் அதேதான், ஆனால் இடுப்பு திரும்ப நேரமாகிறது, ரிசீவர் இரண்டடி முன்னால் போய்விடுகிறார் என்றால் அது கால், அதற்குப் பயிற்சியாளர் மருந்து கிடையாது. கூடவே பாஸ் ரஷ்ஷையும் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து நெருக்குவது) பாருங்கள். குவார்ட்டர்பேக்குக்கு நான்கு நொடி கிடைத்தால் உலகத்தில் எந்த கார்னர்பேக்காலும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. இணையத்தில் கொடுக்கும் மதிப்பெண்களை நான் வெறுப்பவன் இல்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் மதிப்பெண் போடுபவருக்கும் அந்த ஆட்டத்தில் கார்னர்பேக்குக்கு என்ன உத்தரவு என்பது தெரியாது, ஊகம்தான்.

எந்த அணி, எந்த ஆள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். இந்த வருடம் அங்கே டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் மாறினாரா என்பதையும் சொல்லுங்கள். பெரியவர் இப்போது இல்லை, ஆனால் அவர் கோடு போட்ட காகிதப் பட்டையில் இன்னும் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. நானும் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கிறேன்.