ஸ்பீக்கர் வயருக்கு பனானா பின்: கேட்டவையும் சொன்னவையும்

நாகர்கோவிலில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கிற வேலையில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்பீக்கர் வயரின் முனையில் மாட்டி, ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும் உள்ள ஓட்டையில் சொருகுகிற உலோக முனைதான் பனானா பின். வீட்டு ஸ்பீக்கருக்கு அதைப் போடுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குளச்சல் முதல் தோவாளை வரை நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் போட்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோட்டாறு: அண்ணே, பனானா பின் போட்டால் சவுண்டு தெளிவாகும் என்கிறார்களே, உண்மையா? ஜோடி நூறு ரூபாய்க்கும் இருக்கு, ஆயிரக்கணக்கிலும் இருக்கு. எதை வாங்க?

சவுண்டு மாறாது தம்பி. வயரின் முனையைச் சுத்தமாக உரித்து டெர்மினலில், அதாவது செட்டில் வயர் மாட்டும் இடத்தில், இறுக்கித் திருகினாலும் அதே சத்தம்தான் வரும். நல்ல இணைப்பில் மின்சாரத்துக்கு வரும் தடை (அதை ஓம் என்ற அளவில் சொல்வோம்) ஒரு ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு எதற்கு பின்? இணைப்பு உறுதியாக இருக்கும், ஷார்ட் ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலை கற்ற புதிதில் என் மச்சான் வீட்டில் அவசரமாக வயரை முறுக்கி டெர்மினலில் சொருகினேன். தலைமுடி கனத்தில் ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. வால்யூமைக் கூட்டியதும் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரை ஓட்டுகிற சில்லான அவுட்புட் ஐசி போய்விட்டது. அந்த வீட்டில் அன்று குழந்தைக்குப் பிறந்தநாள். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான். பின்னுக்குள் எல்லா இழையும் அடங்கிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

விலையைப் பொறுத்தவரை, நடுத்தர விலையில் தங்க முலாம் பூசிய பித்தளைப் பின் போதும். தங்கம் செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. செம்புதான் மேல். தங்கத்தின் சிறப்பு அது கறுக்காது, களிம்பு ஏறாது என்பதுதான். மிச்சப் பணத்தை வயரில் போடுங்கள்.

மார்த்தாண்டம்: அண்ணா, எனக்கு சால்டரிங் தெரியாது. வீட்டில் நானே போட்டுக்கொள்ள எந்த வகை நல்லது? எப்படிப் போடுவது?

கடையில் மூன்று வகை கிடைக்கும் தங்கச்சி. ஈயம் வைத்துப் பற்றவைப்பது ஒன்று. பக்கத்தில் குட்டித் திருகு வைத்து வயரை அழுத்துவது இன்னொன்று. மூன்றாவது, பின்பக்க மூடியைத் திருகினால் இழைகளை நசுக்கிப் பிடித்துக்கொள்வது. உங்களுக்கு மூன்றாவதுதான் சரி. திருகு வகைதான் கிடைக்கிறது என்றால் ஒன்றுக்கு இரண்டு திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள், இழைகள் அமுங்கி அதற்குள் லேசாகத் தளர்ந்திருக்கும்.

போடும்போது முதல் வேலை, பின்னின் மூடியை வயரில் கோர்த்துவிடுவது. நிறைய பேர் இதை மறந்து கடைசியில் எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். பிறகு வயரின் மேலுறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரியுங்கள். வயர் ஸ்ட்ரிப்பர் இருந்தால் நல்லது. பிளேடுதான் இருக்கிறது என்றால் வயரை விரலில் உருட்டிக்கொண்டே உறைமேல் லேசாக ஒரு கீறல் போட்டு, அந்த இடத்தில் மடக்குங்கள். உறை தானாக விரிசல் விடும், அப்படியே உருவி எடுத்துவிடலாம். அழுத்திக் கீறினால் உள்ளே நாலைந்து இழை அறுந்துபோகும்.

இப்போது இழைகளைக் குடை விரிப்பதுபோல் சுற்றிலும் சமமாக விரித்து, பின்னின் விளிம்பில் படிய வைத்து மூடியைத் திருகுங்கள். மூடிக்கு வெளியே எட்டிப் பார்க்கிற இழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசியில் வயரை நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் மறுபடி போட வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முனையில் ஈயம் பூசிவிட்டு அதைத் திருகில் மாட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி ஒதுங்கும், இணைப்பு லூஸாகும். ஈயம் வைப்பதாக இருந்தால் அதற்கென்றே உள்ள பின்னில் வையுங்கள்.

குளச்சல்: வீடு கடலுக்குப் பக்கம். வயர் முனை ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கிறது. பின் போட்டால் நிற்குமா? தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள்.

முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடற்கரை ஊர் எல்லாவற்றிலும் இதே கதைதான். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் செம்பு சும்மா இருக்காது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு, காற்றில் ஈரம் குறைகிற காலம் கொஞ்சம்தான்.

பச்சை பிடித்த முனையில் அப்படியே பின் போடாதீர்கள். களிம்பு உறைக்குள்ளும் ஏறியிருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளவென்று சிவப்பாக வந்தால் அங்கே போடலாம். கறுத்திருந்தால் இன்னும் வெட்டுங்கள். ஒரு அடி வெட்டியும் கறுப்புதான் என்றால் வயரையே மாற்றிவிடுங்கள், அதைச் சுத்தம் செய்யவே முடியாது.

உங்களுக்குத் தங்க முலாம் கட்டாயம் வேண்டும். குட்டித் திருகு உள்ள பின் வேண்டாம், அந்தத் திருகு இரும்பாக இருந்தால் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். முடிந்தால் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள், செம்பில் காற்றுப் படாது. பின்னும் வயரும் சேரும் இடத்தில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செம்பையும் பச்சையாக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்து ஒன்று, செட்டை அணைத்துவிட்டுப் பின்னைக் கழற்றுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மெல்லிய முலாம் இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

தோவாளை: இதற்கு ஏன் வாழைப்பழத்தின் பெயர்?

உருவத்தால் வந்த பெயர். முனையில் உள்ள ஸ்பிரிங் நடுவில் பருத்து, இரு பக்கமும் ஒடுங்கி இருக்கும். ஓட்டைக்குள் போகும்போது அந்தப் பருமன் அமுங்கி, சுவரைப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் மட்டிப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இல் நாங்கள்தான் செய்தோம் என்று ஜெர்மனியின் ஹிர்ஷ்மான் கம்பெனியும் சொன்னது, அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ கம்பெனியும் சொன்னது. அளவு எங்கும் ஒன்றுதான், 4 மில்லிமீட்டர். அதனால்தான் எந்த நாட்டுப் பின்னும் எந்த நாட்டு ஆம்ப்பிலும் பொருந்துகிறது.

திங்கள்சந்தை: லோக்கலில் அசெம்பிள் செய்த 5.1 செட். பின்னால் டிவிக்கு மாட்டும் ஆடியோ பின் மாதிரி வட்ட ஓட்டைதான் இருக்கு. பனானா பின் போகுமா?

போகாது, திணிக்கவும் வேண்டாம். அது ஆர்சிஏ சாக்கெட். அதற்கு ஆர்சிஏ பின்னை வாங்கி வயரில் பற்றவைக்க வேண்டும். நடு ஊசி பிளஸ், வெளிவளையம் மைனஸ். அந்தச் சின்ன பாக்ஸ்களுக்கு 0.75 சதுர மி.மீ. வயர் தாராளம், அதற்கு மேல் தடித்தது பின்னுக்குள் நுழைவது கஷ்டம். ஒரு எச்சரிக்கை. அதே முகத்தில் இன்புட் ஓட்டைகளும் இதே உருவத்தில் இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள். ஸ்பீக்கர் வயரைத் தவறி இன்னொரு செட்டின் இன்புட்டில் சொருகி, போர்டு போய் என்னிடம் வந்தவை உண்டு.

பனானாதான் வேண்டும் என்றால் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்து, பின்பக்கத் தகட்டில் துளையிட்டுத் திருகு டெர்மினல் போட்டுக்கொள்ளலாம். டெர்மினலின் உலோகம் தகட்டைத் தொடக் கூடாது.

கருங்கல்: ஸ்பீக்கர் பாக்ஸில் அழுத்தித் திறக்கும் பிரஸ் டெர்மினல் இருக்கிறது. என்ன செய்ய?

அதற்கு பனானா இல்லை, ஊசி போன்ற முனையுள்ள பின் தனியாகக் கிடைக்கிறது. அதைப் போடுங்கள். வெறும் வயரையே முறுக்கிச் சொருகினாலும் குறையொன்றும் இல்லை.

தக்கலை: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஹாலில் ஸ்பீக்கருக்கு இப்போதே வயர் போட்டுவிடலாமா? என்ன கனம்?

இப்போதே போடுங்கள், பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

கனத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். வயரின் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது எங்கள் வழக்கம். 8 ஓம் பாக்ஸுக்கு 0.4 ஓம், 4 ஓம் பாக்ஸுக்கு 0.2. கடையில் 40/76 என்று கேட்டு வாங்குவோமே, அதில் 40 இழை, ஒவ்வொன்றும் 0.0076 அங்குலம். மொத்தம் சுமார் 1.2 சதுர மி.மீ. பத்து மீட்டர் தூரத்துக்கு, போக வர இருபது மீட்டர் வயரில் கிட்டத்தட்ட 0.3 ஓம் வரும். 8 ஓமுக்குச் சரி, 4 ஓமுக்குப் போதாது. 14/76 என்றால் 0.8 ஓமைத் தாண்டிவிடும், அதை ஹாலுக்கு யோசிக்கவே வேண்டாம். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.14தான். சுவருக்குள் போவதால் 2.5 போட்டுவிடுங்கள், பிறகு எந்த ஸ்பீக்கர் மாற்றினாலும் கவலை இல்லை.

வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு முலாம் போட்ட அலுமினியம். அதே கனத்தில் ஒன்றரை மடங்கு தடை, வளைத்தால் சீக்கிரம் ஒடியும். மேலே வெள்ளையாக இருந்து உள்ளே செம்பாக இருந்தால் பயப்படாதீர்கள், அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல வயர்.

கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை விடாதீர்கள், தனி பைப் கேளுங்கள். இரண்டு முனையிலும் அரை மீட்டர் மிச்சம் விடுங்கள். பனானா துளையுள்ள சுவர்ப் பிளேட் கிடைக்கிறது, பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். பிளேட்டை மூடும் முன் எந்த வயர் எந்தப் பக்கம் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

குழித்துறை: கப்பலில் வேலை பார்க்கும் மாமா ஜெர்மனியில் இருந்து ஆம்ப் கொண்டுவந்தார். டெர்மினல் ஓட்டைகள் பிளாஸ்டிக்கால் அடைபட்டிருக்கின்றன. பின் நுழையவில்லை.

அந்த மூடியை எடுத்துவிடலாம். ஆம்ப்பின் பவர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கூரான ஊசியால் நெம்புங்கள், வந்துவிடும். சிலவற்றில் குமிழைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

ஆனால் ஏன் அடைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய வீட்டுக் கரண்ட் சாக்கெட்டில் இரண்டு துளைக்கு இடையே 19 மில்லிமீட்டர், சாதாரண பிளக்கின் முளை 4 மில்லிமீட்டர். பனானா பின் அதில் அப்படியே போய்விடும். நம் வீட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டிலும் இடைவெளி அதேதான், துளை இன்னும் கொஞ்சம் பெரிசு. இரு முனையிலும் பின் போட்ட வயர் தரையில் கிடந்து, குழந்தை ஒரு முனையைச் சாக்கெட்டில் சொருகினால் மறுமுனையில் 230 வோல்ட் வெறும் உலோகத்தில் நிற்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழற்றிய வயரைச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். ஷட்டர் உள்ள சாக்கெட் போடுங்கள். ஆம்ப் பக்கம் மட்டும் பின் போட்டு, பாக்ஸ் பக்கம் வயரை நேரடியாகத் திருகிவிடுவது இன்னும் நல்லது. இதை நான் யாருக்கு வயர் போட்டுக் கொடுத்தாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

பூதப்பாண்டி: இரண்டு பாக்ஸின் கறுப்பு வயரையும் ஒன்றாக்கினால் ஒரு வயர் மிச்சம்தானே?

செய்யாதீர்கள். இன்றைய ஆம்ப் பலவற்றில் கறுப்பு டெர்மினலிலும் சிக்னல் வருகிறது, அது எர்த் இல்லை. இரண்டு கறுப்பையும் சேர்த்தால் அவுட்புட் ஷார்ட்.

ஆரல்வாய்மொழி: பின் மாற்றியதிலிருந்து பேஸ் காணவில்லை.

ஒரு பாக்ஸில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு பாக்ஸின் கோன் (ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு) வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே போகிறது, பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். சிவப்புப் பின்னில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு பாக்ஸிலும் ஒரே பக்கம் அசைந்தால் சரி.

இரணியல்: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். இடது பாக்ஸில் கரகர சத்தம். பின்னா, வயரா, ஆம்ப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சார், பனானா பின் போட்டிருப்பதால் உங்களுக்கு இது சுலபம். செட்டை அணைத்துவிட்டு ஆம்ப் பக்கம் இடது பின்களை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிச் சொருகுங்கள். பாட்டுப் போடுங்கள். கரகரப்பு வலது பாக்ஸுக்குப் போய்விட்டால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ கோளாறு. இடதிலேயே நின்றால் வயர் அல்லது பாக்ஸ். அப்போது ஆம்ப் பக்கத்தைப் பழையபடி வைத்து, பாக்ஸ் பக்கம் இரண்டு வயரையும் மாற்றுங்கள். சத்தம் வலதுக்குத் தாவினால் வயரோ பின்னோ, தாவாவிட்டால் பாக்ஸ்.

பின்தான் என்றால் அதைக் கையில் எடுத்து டெர்மினலில் நுழைத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நடுவில் பிளந்த வகையாக இருந்தால் பிளேடின் நுனியைப் பிளவில் வைத்து ஒரு மயிரிழை விரியுங்கள், பிடிப்பு வந்துவிடும். கூண்டு போன்ற ஸ்பிரிங் என்றால் மாற்றுவதுதான் வழி. இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் ஆம்ப்பை மட்டும் எடுத்து வாருங்கள் சார், பாக்ஸைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.