பழைய டோப்போ ஷீட்டை நம்பி ஓடையோர நிலம் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஓடைப் பள்ளத்தை ஒட்டி 40 சென்ட் பேசி வைத்திருக்கிறோம். தரகர் பிரிட்டிஷ் காலத்து டோப்போ மேப் (மலை, ஓடை, மேடுபள்ளம் காட்டும் வரைபடம்) நகலைக் காட்டி, "ஓடை நிலத்துக்கு வெளியேதான் போகிறது" என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் அந்தப் பழைய ஷீட்டில் ஒரு மைல் ஒரு அங்குலமாகச் சுருங்கியிருக்கிறது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 63 மீட்டர். 40 சென்ட் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 40 மீட்டர். தாளில் அது கடுகில் பாதி. ஓடைக்குப் போட்ட கோட்டின் தடிமனே பத்துப் பன்னிரண்டு மீட்டரை விழுங்கிவிடும். சர்வே எண்ணோ பட்டா எல்லையோ அதில் கிடையாது. உங்கள் நிலத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் எல்லை போட்டிருந்தால், அது பின்னால் யாரோ போட்டது. ஜெராக்ஸில் நாலு மடங்கு பெரிதாக்கினால் கோடும் நாலு மடங்கு தடிக்குமே தவிர துல்லியம் கூடாது. மேப்புக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். இன்றைய 1:50,000 ஷீட்களை அந்தத் துறையே 2017 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது 'அ' பதிவேடும் (எந்தச் சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படமும், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் எஃப்.எம்.பி. உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது, ஓடைப் பக்கத்து எண்ணுக்கும் எடுங்கள். அங்கே 'ஓடை புறம்போக்கு' என்று இருக்கும். சில இடங்களில் ஓடை பட்டா எண்ணுக்குள்ளேயே புகுந்து போவதும் புலப்படத்தில்தான் தெரியும். பிறகு விற்பவரை அத்து காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, மனுப் போடச் சொல்லுங்கள். சர்வேயர் கல்லுக்குக் கல் அளந்து காட்டட்டும். அந்தத் தேதிக்காக வாரக்கணக்கில் காத்துக்கிடக்க வைக்கிறார்களே, அந்த இடைவெளியில்தான் தரகரின் ஜெராக்ஸ் விலைபோகிறது. விற்பவர் மனுப்போடத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஷீட் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: ஓடையை மண்கொட்டி மூடிவிட்டு, "இங்கே ஓடையே இருந்ததில்லை" என்று சாதிக்கும்போது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிற உயரக்கோடுகளைப் பாருங்கள். அவை கூராக மடிந்து, மடிப்பின் முனை மேட்டை நோக்கி இருந்தால் அது நீர் இறங்கும் பள்ளம். சரிவின் கீழ்ப்பக்கத்தை நோக்கி இருந்தால் மலைமுகடு. நீலத்தை மட்டும் தேடாதீர்கள். வறண்டு கிடக்கும் ஓடைகளை இந்த ஷீட்களில் கறுப்பில் போடுவார்கள். அதைப் பாதை என்று காட்டி ஏமாற்ற முடியும். ஆண்டையும் கவனியுங்கள். அச்சிட்ட ஆண்டு வேறு, சர்வே செய்த ஆண்டு வேறு. இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் இருக்கலாம். ஓடை இருந்ததற்குச் சாட்சி சர்வே ஆண்டுதான்.