டிங்கரிங் ஆய்வக மானியம்: மொத்தத்தையும் ஒரே விற்பனையாளரிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: நான் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு, மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கான மானியத்தின் முதல் தவணை வந்துள்ளது. பொறுப்பாசிரியராக என்னை நியமித்திருக்கிறார்கள். கருவிகள், பயிற்சி, சுவர் ஓவியம் தொடங்கி, மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் வரை அனைத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், மற்ற இரண்டு விலைப்புள்ளிகளையும் தாங்களே கொண்டுவருவதாகவும் ஒரு விற்பனையாளர் சொல்கிறார். தாளாளரும் அதையே விரும்புகிறார். இதற்கிடையில், மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியைச் செய்ய ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஆர்வமாக இருக்கிறார்கள். அதற்கான பாகங்களைக் கடைத்தெருவில் வாங்கினால் தணிக்கையில் சிக்கல் வருமா?

பதில்: விற்பனையாளரின் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மாணவிகளின் பாகங்களை உரிய குறிப்புடன் தாராளமாக வாங்குங்கள். நீங்கள் அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பது உங்கள் கேள்வியில் தலைகீழாக இருக்கிறது. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்த வந்த ஆசிரியரைக் கணக்கராகவும் கொள்முதல் அலுவலராகவும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, பயிற்சி என்ற பெயரில் ஒரு கடவுச்சொல்லை மட்டும் கையில் கொடுக்கும் நடைமுறையே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

முதலில் பணத்தின் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். நிதி ஆயோக்கின் கீழ் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் இந்த மானியம் மொத்தம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் ஆய்வகத்தை நிறுவுவதற்கானது. மீதி 10 லட்சம், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு ஆய்வகத்தை நடத்துவதற்கானது. இரண்டும் வெவ்வேறு கணக்குத் தலைப்புகள். கருவி வாங்குவது முதல் தலைப்பில் வரும். 3டி பிரிண்டருக்கான இழை, சால்டரிங் ஈயம், கம்பி, பாட்டரி போன்று தீர்ந்துபோகும் பொருள்கள் இரண்டாவதில் வரும். ஒன்றின் பணத்தை மற்றொன்றுக்குச் செலவிட்டுவிட்டுப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். சரிசெய்ய வேண்டிய நாளில் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். பயன்பாட்டுச் சான்றிதழில் இருப்பது தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருப்புப் பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துமே. சுவர் ஓவியம் கருவி ஆகாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் புழங்குவதற்கு 1,500 சதுர அடி இடத்தைத் தயார் செய்து கொடுப்பது பள்ளியின் கடமை.

இனி அந்த மூன்று விலைப்புள்ளிகள். "நிதி ஆயோக்கின் அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது உண்மையல்ல. ஆய்வகம் அமைக்க எந்த விற்பனையாளரையும் அடல் புத்தாக்க இயக்கம் நியமிக்கவில்லை. கொள்முதல் முழுவதும் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி, இயன்றவரை அரசுக் கொள்முதலுக்கான ஜெம் (GeM) இணையத் தளத்தின் வழியாக நடைபெற வேண்டும். அத்தளத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் நேரடியாக வாங்கும்போது குறைந்தது மூன்று வெவ்வேறு உற்பத்தியாளர்களின் பொருள்களை ஒப்பிட்டு, தரத்தில் பொருந்துவனவற்றுள் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஒரே பையிலிருந்து எடுத்துத் தரப்படும் மூன்று கடிதத்தாள்கள் ஒப்பீடு ஆகா. அவை ஒரே மனிதரின் மூன்று முகமூடிகள். பல பள்ளிக் கோப்புகளை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்ததை ஒரு கோப்பில் கண்டேன். என் கண்ணில் பட்ட பிழை தணிக்கையாளர் கண்ணில் படாதா?

முன்பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பொருள் வந்து, பெட்டியைப் பிரித்து, இயக்கிப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே பணம் என்பதுதான் அரசுக் கொள்முதலின் பொது நெறி. இயக்கிப் பார்ப்பது என்றால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதன்று. 3டி பிரிண்டரில் உங்கள் மாணவியே ஒரு சிறு பொருளை வடிவமைத்து, முழுதாக அச்சிட்டு எடுத்த பிறகு ஏற்புக் கையெழுத்திடுங்கள். நான் வழிகாட்டியாகச் சென்ற ஒரு பள்ளியில் திறப்பு விழாவன்று மாதிரிப் பொம்மை ஒன்றை அச்சிட்டுக் காட்டிய இயந்திரம், அடுத்த மாதமே, உருகிய இழை வெளிவரும் முனை அடைத்து நின்றுவிட்டது. அடைப்பை எடுக்க எவருக்கும் கற்றுத்தரப்படவில்லை. அந்த இயந்திரம் இரண்டு ஆண்டுகள் உறைபோட்டு நின்றதையும், அதைத் தொடாதே என்று குழந்தைகளை ஆசிரியர்கள் விலக்கியதையும் பார்த்தேன். முனையின் துளை பொதுவாக 0.4 மில்லிமீட்டர். ஈரம் ஏறிய இழையும் தூசியும் அதை எளிதில் அடைத்துவிடும். சூடாக்கிச் சுத்தம் செய்வதற்குப் பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடப் பயிற்சியை விலைப்பட்டியலில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள்.

மற்றொரு பொறி, மூடிய கிட்டுகள். வண்ண வண்ணப் பெட்டிகளில், அந்த நிறுவனத்தின் இணைப்பிகள் மட்டுமே பொருந்தும்படி செய்யப்பட்ட தொகுப்புகளைத்தான் இவர்கள் முதலில் முன்வைப்பார்கள். ஒரு கம்பி அறுந்தால் அவர்களிடமே போக வேண்டும். சென்சார்களையும் மோட்டார்களையும் கட்டுப்படுத்த நிரல் எழுதக்கூடிய ஆர்டுயினோ போன்ற மின்னணுப் பலகைகளின் வடிவமைப்பு வெளிப்படையானது. எவரும் தயாரிக்கலாம் என்பதால் மாவட்டத் தலைநகரின் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே மாற்றுப் பலகை கிடைக்கும். பழுதானதை உங்கள் ஊரில் மாற்ற முடியுமா என்பதுதான் பள்ளி ஆய்வகத்துக்குப் பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மத்திய அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கையில், ஐந்து ஆண்டுகளில் 50,000 டிங்கரிங் ஆய்வகங்களை அரசுப் பள்ளிகளில் அமைப்பதாக அறிவித்த பின்னர் இத்தகைய இடைத்தரகர்கள் பெருகியிருக்கிறார்கள். வழிகாட்டி என்று அறிமுகமாகி விலைப்பட்டியலை நீட்டுவோரும் உண்டு. இத்திட்டத்தின் வழிகாட்டிகள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்; பொருள் விற்பது அவர்கள் வேலையன்று.

இப்போது மாணவிகளின் தொட்டிக் கருவி. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; ஏனெனில் "விலைப்புள்ளி இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது" என்ற தவறான அச்சத்தால்தான் பெரும்பாலான ஆய்வகங்களில் குழந்தைகளின் சொந்த யோசனைகள் நின்றுபோகின்றன. பொது நிதி விதிகளின் 154ஆம் விதி, ஜெம் தளத்தில் கிடைக்காத சிறு பொருள்களை விலைப்புள்ளி இன்றியே வாங்க அனுமதிக்கிறது. 2017இல் இதற்கான எல்லை ஒவ்வொரு முறைக்கும் 25,000 ரூபாய். பின்னர் அது உயர்த்தப்பட்டது என்றாலும், நீங்கள் பழைய எல்லைக்குள்ளேயே நில்லுங்கள். வாங்குபவர் ஒரு சான்று எழுத வேண்டும்: இப்பொருள்கள் தேவையான தரமும் விவரக்குறிப்பும் உடையவை, நம்பகமான விற்பனையாளரிடம் நியாயமான விலைக்கு வாங்கப்பட்டவை என்று தாம் நேரில் நிறைவடைந்ததாக அது சொல்ல வேண்டும். ஜெம் தளத்தில் தேடிய பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து அதனுடன் இணையுங்கள். ஒரே ஒரு சென்சார் தேவைப்படும்போது அங்கே குறைந்தபட்ச அளவு அதிகமாக இருந்தால், தேவைப்படும் அளவில் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதித் தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெறுங்கள். கடையில் அச்சிட்ட பில் கேளுங்கள். துண்டுச் சீட்டை ஏற்காதீர்கள். பொருள்களைப் பதிவேட்டில் ஏற்றி, எந்த மாணவிகளின் எந்தச் செயல்திட்டத்துக்குப் பயன்பட்டன என்று எதிரே குறியுங்கள். அந்த ஒரு வரிதான் தணிக்கையில் உங்களைக் காப்பாற்றும்.

ஆனால் இந்தச் சலுகையைப் பெரிய கொள்முதலுக்கு நீட்டிவிடாதீர்கள். ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளை ஐந்து பில்களாகப் பிரித்து வாங்குவதை 157ஆம் விதி தடுக்கிறது. பிரிப்பது எளிது என்று உங்களுக்கு முதலில் சொல்லித்தருபவரும் அந்த விற்பனையாளராகவே இருப்பார்.

கருவியைப் பற்றி ஒரு சொல். தொட்டியின் மூடிக்கடியில், ஒலி எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கும் மீயொலி சென்சார் பொருத்தலாம் என்று மாணவிகள் சொல்வார்கள். சாதாரண மீயொலி சென்சார் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும். ஆனால் மூடியில் படியும் நீராவியால் சில வாரங்களில் கெட்டுப்போகலாம். அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். மிதவைச் சுவிட்சுக்கு அவர்களே வந்து சேர்வார்கள், அந்தத் தோல்வியில்தான் பொறியியல் இருக்கிறது. ஒன்றை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிறு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பலகையில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டாரை நேரே இணைத்தால் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. சிறு ரிலே, அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரை இயக்க, காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும். மாணவிகள் கைவைப்பது 5 வோல்ட் பகுதியில் மட்டும். 230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யட்டும். அவருடைய கூலிக்கும் ரசீது வாங்குங்கள்.

எவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். மானியத் தொகை வங்கியில் ஈட்டும் வட்டி பள்ளிக்குச் சொந்தமன்று. ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அதை மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். அந்த வட்டியில் விழாவுக்குப் பந்தல் போட்ட பள்ளிகள் பின்னர் அடுத்த தவணைக்காக அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். தாளாளரிடம் பேசும்போது விதி எண்களைச் சொல்வதைவிட, வட்டி, முன்பணம், மூன்று விலைப்புள்ளிகள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, "இவற்றுக்குக் கையெழுத்திடப்போவது யார்?" என்று கேளுங்கள். அவர் விடை சொல்வதற்குள், மாணவிகளுக்கான சென்சாரையும் பலகையையும் வாங்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த வேலைக்கு எவருடைய விலைப்புள்ளியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.