படுதோல்வி என்பதன் பொருள் என்ன? எல்லாத் தோல்வியையும் அப்படிச் சொல்லலாமா?

'படு' என்றதும் படுத்துக்கிடப்பது நினைவுக்கு வந்து நீங்கள் குழம்பியிருக்கக்கூடும். இங்கே அது மிகுதியைக் காட்டும் அடைமொழி. படுகாயம், படுமோசம் என்பவற்றில் வருவதும் அதுவே. கெட்டதற்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது, படு சுட்டி, படு ஜோர் என்கிறோம் அல்லவா? ஆனாலும் 'படுவெற்றி' என்று எவரும் சொல்வதில்லை; வெற்றி என்றால் அமோக வெற்றிதான். 'படுத்தோல்வி' என்று ஒற்று மிகுத்து எழுதுவது பிழை. 'படுதோல்வி பெற்றார்' என்றும் எழுதுகிறார்கள். பெற்றுக்கொள்ள அது என்ன பரிசா? அடைந்தார் என்பதே முறை.

எல்லாத் தோல்விக்கும் இச்சொல் பொருந்தாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021 அக்டோபரில் வேலூர் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கே.வி.குப்பம் பக்கத்தில் எங்கள் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றேன். வென்றவருக்கு 143 வாக்குகள், எனக்கு 132, மூன்றாமவருக்கு 6. அந்த வாரம் உள்ளூர் இதழ் ஒன்று என் பெயரைப் போட்டு 'படுதோல்வி' என்று தலைப்பிட்டது. தேநீர்க் கடையில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க, நான் கையில் வைத்திருந்த தேநீர் ஆடை கட்டும்வரை அப்படியே நின்றேன். தோற்ற ஆத்திரத்தில் இலக்கணம் பேசுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும்; தோற்றதை நான் மறுக்கவில்லை, 'படு'வைத்தான் மறுக்கிறேன்.

இத்தனை வாக்கு குறைந்தால் படுதோல்வி என்று அகராதி எதுவும் அளவு சொல்லாது. ஆயினும் கைக்கு ஓர் அளவுகோல் உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் தோற்றவர், செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் கட்டுத்தொகையை இழப்பார் என்கிறது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். டெபாசிட் போனவரைப் படுதோல்வி அடைந்தார் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 2019 ஆகஸ்டில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். இருவருமே நாலே முக்கால் லட்சத்தைத் தாண்டியவர்கள். அதை நூலிழைத் தோல்வி என்பதே நேர்மை. அப்படியானால் 281 வாக்கில் 132 வாங்கியவனை என்னவென்று சொல்வது?

அந்த இதழுக்குத் தொலைபேசியில் இதையே கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோல்வின்னு மட்டும் போட்டா தலைப்பு வரி நிரம்பலைங்க சார்" என்றார்.