செர்பிய மொழியில் மழை, குளிர், காற்று: கேள்வி பதில்

செர்பிய மொழி கற்கத் தொடங்கியவர்கள் வானிலைப் பேச்சு பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

“எனக்குக் குளிர்கிறது” என்பதற்கு “யா சம் ஹ்லாதன்” சரியா?

சரியில்லை. “யா சம்” என்றால் “நான் இருக்கிறேன்”. அதோடு குளிர்ந்த என்று பொருள்படும் “ஹ்லாதன்” சேர்ந்தால், நீங்கள் அன்பில்லாத ஆள் என்றோ உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றோ பொருளாகிவிடும். செர்பியர்கள் சொல்வது “ஹ்லாத்னோ மி யெ”. இதில் “மி” என்பது “எனக்கு”. தமிழிலும் நாம் “நான் குளிர்கிறேன்” என்று சொல்வதில்லை, “எனக்குக் குளிர்கிறது” என்றுதான் சொல்கிறோம். நான்காம் வேற்றுமை, அதே அமைப்பு. ஆங்கிலப் பாடநூல் வழியாகக் கற்பவர்கள்தான் இங்கே தடுமாறுகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள். பெரியவரிடம் “தா லி வம் யெ ஹ்லாத்னோ?” என்று கேளுங்கள், “வம்” என்பது “உங்களுக்கு”. நண்பனிடம் அதே இடத்தில் “தி”, அதாவது “உனக்கு”.

மழை பெய்கிறது, பெய்தது, பெய்யும்?

“பதா கிஷா”, “பதலா யெ கிஷா”, “பிச்செ கிஷெ”. கடைசியில் கிஷா கிஷெ ஆவதைக் கவனியுங்கள், அது ஆறாம் வேற்றுமை. பனி பொழிந்தாலும் அதே “பதா” தான்: “பதா ஸ்னேக்”.

வெப்பநிலை சொல்லும்போது டிகிரிக்கான சொல் ஸ்தெபென், ஸ்தெபெனா, ஸ்தெபெனி என்று மாறுவது ஏன்?

எண்ணைப் பொறுத்து மாறும். 1, 21, 31 என்றால் ஸ்தெபென். 2 முதல் 4 வரை, 22 முதல் 24 வரை ஸ்தெபெனா. 5 முதல் 20 வரை ஸ்தெபெனி. 25 முதல் 30 வரையும் அப்படியே. 11 முதல் 14 வரை உள்ளவை ஏமாற்றும், அவையும் ஸ்தெபெனிதான்.

வியர்க்கிறது, புழுங்குகிறது. “யா சம் வ்ரூச்” என்று சொல்லலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். “வ்ரூச்செ மி யெ”. “யா சம்” போட்டால் காமத்தைச் சொல்வதாகக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

பெல்கிரேடில் எல்லோரும் சொல்லும் கொஷவா என்ன?

தென்கிழக்கிலிருந்து வரும் காற்று. டான்யூப் நதியின் ஜெர்தாப் பள்ளத்தாக்கு வழியாக நெருக்கிக்கொண்டு வந்து பெல்கிரேடில் அடிக்கும். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தத் தொடக்கம் வரை இதன் காலம். 3 நாள், 7 நாள் அல்லது 21 நாள் அடிக்கும் என்பது ஊர் வழக்கு. “துவா கொஷவா” என்றால் “கொஷவா வீசுகிறது”. பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வாக்கியம் பெல்கிரேடில் இல்லை.

ஆலங்கட்டி மழையும் நகரமும் ஒரே சொல்லா?

எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஆலங்கட்டி குறில், க்ரத். நகரம் நெடில், க்ராத். குறில் நெடில் பழகிய நமக்கு இது எளிது.

ப்ரொமயா பட்டால் நோய் வருமா?

வீட்டுக்குள் குறுக்கே வீசும் காற்றுக்கு அந்தப் பெயர். நோய் வருமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். யாராவது ஜன்னலை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள்.

போஸ்னிய செர்ப் நண்பர் பனியை ஸ்னேக் என்னாமல் “ஸ்னியெக்” என்கிறார். அது செர்பிய மொழியே அல்ல என்கிறார் என் ஆசிரியர்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது இயெகாவியம், செர்பிய மொழியின் இரண்டு உச்சரிப்பு வகைகளில் ஒன்று; மற்றது ஏகாவியம். போஸ்னிய செர்பியர்கள், மாண்டினீக்ரோவில் உள்ளவர்கள், செர்பியாவின் தென்மேற்கில் உள்ளவர்கள் என்று பலருக்கும் அதுதான் வீட்டு மொழி. பெல்கிரேடின் ஏகாவியத்தில் நெடில் ஏ வரும் இடத்தில் இயெகாவியத்தில் பெரும்பாலும் “இயெ” வரும்: வானிலைக்கு வ்ரேமெ, வ்ரியெமெ. குறில் எ வரும் இடத்தில் “யெ”: காற்றுக்கு வெதர், வ்யெதர். நவீன செர்பிய எழுத்து மொழிக்கு அடித்தளம் போட்ட வூக் கராஜிச் 1818இல் தன் அகராதியை வெளியிட்டது இயெகாவியத்தில்தான். அவரையும் செர்பிய மொழிக்கு வெளியே நிறுத்துவதா?

(மேற்படி பதிலுக்கு இன்னொருவர்) பெல்கிரேடில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தொடக்கநிலையில் இரண்டையும் சொன்னால் குழப்பம்தானே?

ஒன்றை மட்டும் கற்பிப்பது சரி. மற்றதைத் தவறு என்று திருத்துவதுதான் தவறு. பெஷ்தெர் மேட்டுநிலத்தின் கராயுகிச்சா புனாரியில் 1985 ஜனவரி 13 அன்று மைனஸ் 39.5 டிகிரி பதிவானது. அது செர்பியாவுக்குள்தான், நான் சொன்ன தென்மேற்கில் இருக்கிறது. நாட்டின் மிகக் கடுங்குளிரான அந்தப் பகுதி மக்கள் பனியை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் வானிலைப் பாடம் எடுக்க முடியுமா? ஒரே வாக்கியத்தில் ஸ்னேக்கையும் வ்ரியெமெயையும் கலக்காதீர்கள், அது போதும்.

அக்டோபரில் வெயில் அடித்தால்?

“மிஹொல்ஸ்கொ லெதொ”. அக்டோபர் 12 அன்று வரும் மிஹொல்தன் நாளை ஒட்டிய இதமான வெயில்.

கதகதப்பாக இருக்கிறது என்பதற்கு “யா சம் தொப்லோ” சரியா?

“தொப்லோ மி யெ”. குளிரோ வெப்பமோ உணர்வதைச் சொல்ல “யா சம்” வேண்டாம், எங்கேயும் வேண்டாம்.

டிசம்பரில் போகிறேன். எந்த மாதிரிக் கோட்டு வாங்கலாம்?

அங்கே குளிரைப் பழகியவர்களைக் கேளுங்கள், நான் மொழிக்கு மட்டும். கடையில் கேட்க வேண்டியது “இமாதே லி ஸிம்ஸ்கு யக்னு?”, குளிர்கால ஜாக்கெட் இருக்கிறதா என்று.