நேற்று படித்தது இன்று மறந்துவிடுகிறது, சின்ன வயதில் நடந்தது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. என் ஞாபகசக்தியில் கோளாறா?

கோளாறாக இருக்காது. ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள், "உனக்கு மண்டையில் ஒன்றுமே நிற்காது" என்று வீட்டில் யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சரிதானே? அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் சின்ன வயதில் நடந்தது "அப்படியே" இருக்கிறது என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஞாபகசக்திக்குப் பேர்போனவர் அண்ணன். யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்பது வரை சொல்வார். சைக்கிள் பழகும்போது சரளைக்கல்லில் விழுந்து முட்டி கிழிந்ததை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியது, அம்மா எப்படி ஓடிவந்தார், ஒன்று விடமாட்டார். என்ன, விழுந்தது நான்! தழும்பு என் இடது முட்டியில் இருக்கிறது. தோலுக்கடியில் கடுகளவு கறுப்பாக ஒரு கல்துணுக்குகூட இன்றும் தெரியும். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தவர். காலைக் காட்டினால், "அது வேற தடவை" என்பார். சபையும் அவர் பக்கம்தான். குடும்ப ஆல்பத்தை ஸ்கேன் செய்து தருகிறேன் என்று எடுத்துப் போனவரும் அவரே. இன்றுவரை வரவில்லை. அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அண்ணன் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை (உறவினர்கள் யாராவது படித்தால் கவனிக்க). நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மூளை துண்டுகளைச் சேர்த்துத்தான் நினைவை உருவாக்குகிறது. கண்டதும் கேட்டதும் பிறகு நாமே சொன்னதும் அதில் கலந்துவிடும். உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனையில், கார் விபத்துப் படம் பார்த்தவர்களில் சிலரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "இடித்தபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 32 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள்; அடுத்ததில் 14. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

உங்கள் படிப்புக்கு வருகிறேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து பார்த்து, 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகு மறப்பது மெதுவானது. ஆக, நேற்றுப் படித்தது நழுவுவது எல்லோருக்கும் உள்ளதுதான். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு, பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் காட்டியது இதையே: ஐந்து நிமிடத்தில் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்காதீர்கள். படித்தது பதிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

"மருத்துவரா நீங்கள்?" என்று கேட்க ஒருவர் வருவார். இல்லை. பழகிய வழி தெரியாமல் நிற்பது, தினமும் செய்யும் வேலையின் முறையே மறந்துபோவது போன்றவை இருந்தால் என் பதிலை விட்டுவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.